மாப்பிள்ளை கிட்னி செல்லாது

அன்னவாசலுக்கும் இலுப்பூருக்கும் நடுவில் எந்தக் கொல்லையில் மோட்டார் ஓடினாலும், அந்தத் தண்ணீரில் பாதிக்குப் பாறையைத் துளைத்தவன் நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை. ஆனால் சொல்லாமலும் விட மாட்டேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கிணறு வெட்டுகிறவர்களோடு மண் கூடை சுமந்தேன், பிறகு போர்வெல் வண்டியில் ராடு மாட்டுகிற கூலிக்குப் போனேன், கடைசியில் அந்த வண்டியையே விலைக்கு வாங்கினேன். எந்த அதிகாரியும் எனக்குக் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. எவனிடமும் நான் சும்மா ஒரு பொருள் வாங்கியதும் இல்லை.

அப்படிப்பட்டவனுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று சின்னப் பாட்டிலில் அளந்து வைத்தார்கள்.

போர் வண்டியில் நிற்கிறவனுக்கு உடம்பு வலி மூன்று வேளைச் சாப்பாடு மாதிரி. மெடிக்கலில் வாங்கி, வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போன வலி மாத்திரைக்கு அளவே இல்லை. திருச்சியில் டாக்டர், "யாரக் கேட்டு இத்தன வருஷமா இதச் சாப்ட்டீங்க?" என்று சத்தம் போட்டார். "யாரக் கேட்டுங்க நான் எதச் செஞ்சேன்?" என்றேன். அவருக்குக் கோபம் வந்தது. இரண்டு கிட்னியும் போய்விட்டது, வேறு கிட்னி வைக்க வேண்டும், அதுவரை டயாலிசிஸ் என்றார். அது ஒரு கார்த்திகை மாதம்.

டயாலிசிஸ் என்றால் என்னவென்று தெரியாதவர்கள் தெரியாமலே இருக்கட்டும். நம் ரத்தம் நம் கண் முன்னாலேயே குழாயில் வெளியே போய் ஒரு மிஷினைச் சுற்றிவிட்டுத் திரும்பி வரும். வரும்போது குளிரும். ஹாலில் பினாயிலும் ரத்தமும் கலந்த வாடை. சுவரில் டி.வி. ஓடும்; அதில் ஒரு அம்மா ரசம் வைப்பாள், மோர்க்குழம்பு வைப்பாள். கட்டிலில் கிடக்கிற அத்தனை பேரும், நாக்கை நனைக்கத் தண்ணீர் கிடைக்காதவர்கள், வாயைத் திறந்தபடி அதையே பார்ப்போம். சேனலை மாற்று என்றால் ரிமோட் தொலைந்துவிட்டது என்பார்கள்.

அந்த ஆஸ்பத்திரி கேண்டீனில்தான் புரோக்கர் வந்து எதிரே உட்கார்ந்தான். வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம்.

"ஐயா இலுப்பூருங்களா? போர்வெல் ஐயாதானே?"

"ஆமா. நீங்க?"

"நம்ம பிள்ளைதாங்க. ஒரு பையன் இருக்கான். நல்ல பையன், குடி கெடையாது, பீடி கெடையாது. ரத்தமும் ஒங்க குரூப்புதான்."

பெண் பார்க்கப் போகிற மாதிரி பேசினான்.

"பேப்பர்ல ஒங்க அண்ணன் மகன்னு ஆக்கிக்கலாம்."

"எனக்கு அண்ணனே கெடையாதேய்யா."

"அது ஒரு விசயமா? இல்லாத அண்ணனுக்குச் சாவுச் சர்ட்டிபிகேட்டு வரைக்கும் நாங்க பாத்துக்குவோம். நீங்க அழுதா மட்டும் போதும்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். சந்தையில் மாட்டின் வாயைப் பிளந்து பல் பார்க்கிறவன் கண் அவனுக்கு. என் வண்டியில் ஒரு வடக்கத்தியான் வேலைக்கு இருந்தான். சட்டையைக் கழற்றினால் இடுப்புக்கு மேலே, விலாவை ஒட்டி நீளமாக ஒரு தையல். ராடு தூக்கினால் மூச்சு வாங்கும், உட்கார்ந்துவிடுவான். என்னடா என்று கேட்டதற்கு, தங்கச்சி கல்யாணம் என்று மட்டும் சொன்னான். அந்தத் தையலுக்குப் பின்னாலும் இப்படி ஒரு சந்தனப் பொட்டு சிரித்திருக்கும். கையிலிருந்த காபியைப் புரோக்கர் காலடியிலேயே கொட்டினேன். அவன் செருப்பை மட்டும் நகர்த்திக்கொண்டு, "கோவம் ஒடம்புக்கு ஆகாதுங்கய்யா, யோசிச்சுச் சொல்லுங்க" என்று எழுந்து போனான். இன்னும் எனக்கு அந்த இடத்தில் காபி குடிக்கப் பிடிக்காது.

வீட்டில் ஆள் இல்லாமல் இல்லை. என் வீட்டுக்காரிக்குச் சர்க்கரை. அவளிடம் எடுக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரே மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். நான் தர்றேன்ப்பா என்று போனில் அழுதான், ரத்த வகை ஒத்துவரவில்லை. அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை, வல்லத்திராக்கோட்டையிலிருந்து என் தங்கையும் மாப்பிள்ளையும் வந்தார்கள். மாப்பிள்ளை என்றால் என் தங்கை புருசன். கொஞ்சம் நிலம், கடலை போடுகிறவர், மத்தியானம் படுத்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார். கறிக்குழம்பை இலையில் வழித்துக்கொண்டே சொன்னார்:

"எனக்கு ரெண்டு இருக்காம்ல மச்சான். ஒண்ண நீங்க வச்சுக்கங்க. கூடுதலா இருக்கத நான் என்ன, கொல்லையிலயா நடப் போறேன்?"

"வேணாம் மாப்ளே. ஒங்க கிட்னிய வச்சா எனக்கும் மத்தியானத் தூக்கம் வந்துரும்."

"வரட்டுமே. நீங்க தூங்குனா இலுப்பூரே நிம்மதியா இருக்கும்."

எல்லோரும் சிரித்தோம். அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்ற தங்கை மட்டும் சிரிக்கவில்லை. "அவரு எதுக்கு? நான் தர்றேன்ல" என்றாள். "நீ பேசாம இரு ஆத்தா" என்று நான் அடக்கிவிட்டேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் பக்கம் கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு அண்ணன் கொடுப்பான், வாங்க மாட்டான். தங்கை வாசலை வெறுங்கையோடு மிதித்தவன் இல்லை நான். பொங்கலுக்குப் பானை, கரும்பு, அரிசி, வெல்லம், சேலை என்று ஒரு வண்டி போகும். அவள் வீட்டில் ஒரு வாய் காபி குடிப்பதாக இருந்தாலும் அதற்கு முன்னால் ஒரு சீப்புப் பழமாவது உள்ளே போயிருக்கும். மாப்பிள்ளையிடம் வாங்குவது வேறு. அது ஆம்பளைக்கு ஆம்பளை, மச்சானுக்கு மாப்பிள்ளை.

டெஸ்ட் எல்லாம் நன்றாக வந்தது. இதற்கென்றே ஆஸ்பத்திரியில் கோஆர்டினேட்டர் என்று ஒரு பெண் இருந்தது. அதுதான் குண்டைத் தூக்கிப் போட்டது.

"தங்கச்சி வீட்டுக்காரர் நெருங்கிய உறவுல வர மாட்டாருங்கய்யா. அரசாங்கக் கமிட்டி அனுமதி வாங்கணும்."

"யாரு வர மாட்டாரு?"

"சட்டப்படி அப்பா, அம்மா, பிள்ளைங்க, கூடப்பொறந்தவங்க, புருசன் பொண்டாட்டி, தாத்தா பாட்டி, பேரன் பேத்தி. அவ்வளவுதான்."

நான் அந்தப் பெண்ணை முறைத்துப் பார்த்தேன். மாப்பிள்ளை மச்சான் உறவில்லை என்றால் எங்கள் ஊரில் பிறகு எதுதான் உறவு? காது குத்த மடியில் உட்கார வைப்பவன் யார்? பந்தல் போட்டால் முதல் தேங்காயை யார் கையில் கொடுக்கிறோம்? செத்தால் கோடித் துணியோடு யார் வருகிறார்கள் என்றுதானே ஊரே எட்டிப் பார்க்கிறது? டில்லியில் உட்கார்ந்து எழுதினவனுக்கு அக்கா தங்கை இருந்திருக்க மாட்டார்கள்.

பிறகு விசாரணை வந்தது. மாப்பிள்ளை ஊருக்கு விசாரிக்க வந்த வி.ஏ.ஓ., அவர் வீட்டிலேயே கேட்டிருக்கலாம். டீக்கடையில் நின்று, "அவருக்குக் கடன் கிடன் இருக்கா? குடும்பம் கஷ்டப்படுதா?" என்று நாலு பேர் காதில் விழக் கேட்டுவிட்டுப் போனார். அன்று சாயங்காலமே பேச்சு கிளம்பிவிட்டது. மாப்பிள்ளை அந்தக் கடைக்குப் பால் ஊற்றப் போன இடத்தில் ஒருத்தன், "என்னப்பா, ஒண்ணு என்ன வெலைக்குப் போகுது?" என்றானாம். மாப்பிள்ளை இதை எனக்குச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு அந்தக் கடைப் பக்கம் அவர் போகவில்லை. நினைத்தால் இப்போதும் எனக்கு வாயில் எச்சில் ஊறுகிறது, துப்புவதற்கு.

மாசி மாதம் கமிட்டிக்குக் கூப்பிட்டார்கள். "ரெண்டு பேரும் பாசமா இருக்கீங்கன்னு காட்டுறதுக்கு போட்டோ இருந்தா கொண்டு வாங்க" என்று கோஆர்டினேட்டர் பெண் சொல்லியிருந்தது. மற்றவர்கள் ஒரு கல்யாணப் போட்டோவைக் கவரில் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். நான் போன ஆவணியில் நடந்த தங்கை மகள் கல்யாணத்தின் ஆல்பத்தையும், தாய்மாமன் சீர் எடுத்துப் போன வீடியோவைப் பென் டிரைவிலும் கொண்டு போனேன். டிரோன் வைத்து எடுத்தது. அந்த மாதிரிச் சீர் வல்லத்திராக்கோட்டை ரோட்டில் அதற்கு முன்னால் போனதில்லை, பிறகும் போகவில்லை. மேளம் முன்னால், தாம்பாளத் தட்டு வரிசை பின்னால், அதற்குப் பின்னால் டிராக்டரில் பீரோ, கட்டில், பாத்திரம், கடைசியில் மாலை போட்ட பைக். பாசத்துக்கு இதைவிட ஆதாரம் எவன் கொண்டு வருவான்?

உள்ளே மேஜைக்கு அந்தப் பக்கம் ஐந்தாறு பேர். நடுவில் கண்ணாடி போட்ட ஒரு அம்மா. ஒரு கேமரா எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றது. முதலில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்கள். நான் பென் டிரைவைக் கொடுத்தேன். அந்தம்மா கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தாள். சும்மா பார்த்தால் புரியாதே என்று நானே எழுந்து போய் விளக்கம் சொன்னேன்.

"அந்தா மஞ்சத் துணி போத்தியிருக்குல்ல, அது பீரோங்க. இந்தா தட்டுல இருக்கது செயினு. பைக்கு கடைசியில வரும் பாருங்க."

"இவ்வளவும் நீங்க கொடுத்ததா?"

"பின்ன? தாய்மாமன்ங்க நான்."

"எப்போ?"

"போன ஆவணி."

"உங்களுக்குக் கிட்னி பிரச்சனைன்னு எப்போ தெரியும்?"

"கார்த்திகையில."

பக்கத்திலிருந்த டாக்டர் அந்தம்மாவைப் பார்த்தார். அந்தம்மா வீடியோவை நிறுத்தினாள். பைக் வருவதற்கு முன்னாலேயே.

"வேற என்னெல்லாம் கொடுத்திருக்கீங்க அவங்களுக்கு?"

என்னிடம் இப்படி ஒருவர் கேட்டால் நான் என்ன செய்வேன்? வாயை மூடிக்கொண்டா இருப்பேன்? மாப்பிள்ளை கொல்லையில் நான் போட்ட போரைச் சொன்னேன். அதற்கு ஒரு காசு வாங்கவில்லை என்பதையும் சொன்னேன். வீட்டுக்குத் தளம் போட்டபோது கம்பி இறக்கியதைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அந்தம்மா எழுதிக்கொண்டே இருந்தாள். நம் பெருமையை ஒரு அதிகாரி இப்படி விடாமல் எழுதுவதை அன்றுதான் முதலில் பார்த்தேன், எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

அடுத்து மாப்பிள்ளை உள்ளே போனார். நடந்ததை வெளியே வந்து சொன்னார்.

"ஒங்களுக்கு அவரு என்ன குடுத்தாருன்னு கேட்டாக மச்சான். பொண்டாட்டியக் குடுத்தாருங்கன்னேன்."

"சிரிச்சாகளா?"

"ஒருத்தரும் சிரிக்கல. வெளையாடாதீங்க, செயினு, பைக்கு, போரு எல்லாம் எதுக்குன்னாக. அது தாய்மாமன் சீருங்க, அது வேற இது வேறன்னேன். எப்படி வேறன்னாக." துண்டை உதறித் தோளில் போட்டார். "அதச் சொல்லத் தெரியல மச்சான் எனக்கு."

இரண்டு வாரத்தில் முடிவு வந்தது. பொருள் ஆதாயத்துக்காகத் தரப்படுவதாகச் சந்தேகிக்க இடமிருப்பதால் அனுமதி இல்லை. கோஆர்டினேட்டர் பெண் படித்துக் காட்டியபோது எனக்கு முதலில் புரியவில்லை. இன்னொரு தரம் படிக்கச் சொன்னேன். சீரை விலை என்று எழுதிவிட்டார்கள். என் தங்கை மகள் கழுத்தில் நான் போட்ட செயினைக் கிட்னிக்கு அட்வான்ஸ் ஆக்கிவிட்டார்கள். மேலே அப்பீல் போடலாம், நாளாகும் என்றது அந்தப் பெண். டாக்டரோ, நெஞ்சில் நீர் கோத்துக்கொள்கிறது, உங்கள் உடம்பு காத்திருக்காது என்றார். என் கால் வீங்கி, செருப்பு நுழையவில்லை.

இதைக் கேள்விப்பட்டுப் புரோக்கர் மறுபடியும் வந்தான். இந்த முறை கேண்டீனுக்கு அல்ல, நேராக என் கட்டிலுக்கு. கையில் குழாய் மாட்டியிருந்ததால் என்னால் எழுந்திருக்க முடியவில்லை.

"அப்பவே சொன்னேன்லங்கய்யா. நெஜ ஒறவுதான் மாட்டும். நெஜ ஒறவுன்னா குடுக்கல் வாங்கல் இருக்குமுல்ல? நம்ம பையன் ஒங்ககிட்ட ஒரு டீ வாங்கிக் குடிச்சதில்ல. சுத்தமா இருப்பான்."

எதிர்க் கட்டிலைக் கண்ணால் காட்டினான். அந்தக் கட்டில்காரருக்கு எங்கிருந்தோ ஒரு அண்ணன் மகன் கிடைத்து, போன மாதமே ஆபரேஷன் முடிந்துவிட்டதாம். கட்டிலில் புது விரிப்பு போட்டிருந்தது.

சட்டமே வேண்டாம் என்று நான் பேசவில்லை. அந்த வடக்கத்தியான் தையலைப் பார்த்தவன் அப்படிப் பேச முடியாது. சட்டம் இல்லை என்றால் இந்தச் சந்தனப் பொட்டு ஒவ்வொரு ஊரிலும் கடை போட்டு உட்கார்ந்திருப்பான். ஆனால் அந்தச் சல்லடையில் இவன் வழுக்கிக்கொண்டு போகிறான், என் மாப்பிள்ளை நிற்கிறார். எந்தப் பக்கம் திரும்பித் துப்புவது என்று தெரியவில்லை எனக்கு. "போடா வெளியே" என்று கத்தியதில் மிஷின் கூவியது, நர்ஸ் ஓடி வந்து என்னைத்தான் திட்டினாள்.

தங்கை எனக்குத் தெரியாமல் பஸ் ஏறித் திருச்சிக்கு வந்து ரத்தம் கொடுத்து டெஸ்ட் பார்த்திருக்கிறாள். எல்லாம் ஒத்துவந்த பிறகு, மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு தூக்குச் சட்டியோடு என் கட்டில் பக்கம் வந்து நின்றாள்.

"அண்ணே, நான் ஒறவாம்ல. கமிட்டியும் வேணாம் ஒண்ணும் வேணாமாம்."

"யாரு சொன்னா?"

"ஒங்க சட்டந்தேன் சொல்லுது."

"கட்டிக் குடுத்த பொண்ணுகிட்ட நான் கை நீட்ட மாட்டேன் ஆத்தா."

"சரி, நீட்டாத. செத்துப் போ. பொங்கலுக்கு எனக்குப் பெறந்த வீட்டுச் சேலைய எவன் கொண்டாருவான்? ஒம் மகன் சிங்கப்பூர்லேருந்து பார்சல் போடுவானா?"

பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் டி.வி.யை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள்.

"எம் புருசன் குடுத்தா இனிக்கும், நான் குடுத்தாக் கசக்குமா? அவருக்கு ஒடம்பு வலிக்காதா? அந்த ரூமுல அவர உக்கார வச்சு என்ன வெலைக்கு வித்தன்னு கேட்டாகளே, அதக் கேட்டுட்டு வந்து ரெண்டு நாளு சோறு திங்கல மனுசன்."

"வாங்கிக்கங்க மச்சான்" என்றார் மாப்பிள்ளை. "வீட்டுல ஒத்தக் கிட்னியோட இருந்தா இவளுக்குக் கோவமும் பாதிதேன் வரும். எனக்கும் ஒரு நல்லது."

அதற்கும் அவள் சிரிக்கவில்லை.

"ஆனா ஒண்ணு அண்ணே. இதுக்குன்னு ஒரு குண்டுமணித் தங்கம் எம் படியேறக் கூடாது. சீரு, சேலை, பழம் ஒண்ணும் கூடாது. ஏறுச்சு, தூக்கி ரோட்டுல வீசிருவேன். அவரக் கேட்ட கேள்விய எவனும் என்னையக் கேக்கக் கூடாது."

"பொங்கலுக்குமா?"

"பொங்கலுக்குந்தேன். வாரதுன்னா வெறுங்கையோட வா."

நெஞ்சில் நீர் கோத்தவன் எவ்வளவு நேரம் வீம்பு பிடிக்க முடியும்? சரி என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

அவளை ஆஸ்பத்திரியில் கேட்டதெல்லாம் கொஞ்சம்தான். கூடப்பிறந்தவள்தானா, மனசோடு தருகிறாயா, புருசனுக்குச் சம்மதமா. அவ்வளவுதான், தலையாட்டினாள், முடிந்தது. எனக்கு அதுவும் அருவருப்பாக இருந்தது. மாப்பிள்ளையைக் குடைந்து எடுத்தவர்கள், தங்கையை ஒரு அண்ணன் அழுது மிரட்டி இழுத்து வந்திருப்பானோ என்று கூடக் கேட்கவில்லை. நான் அப்படிப்பட்டவனாக இருந்திருந்தால்? அப்படிப்பட்ட அண்ணன்களை எனக்குத் தெரியும். ஆம்பளை தந்தால் வியாபாரம், பொம்பளை தந்தால் பாசம் என்று யார் இவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது?

வைகாசியில் ஆபரேஷன் நடந்தது. கண் விழித்தபோது கட்டிலுக்குக் கீழே ஒரு மூத்திரப் பை தொங்கியது. நர்ஸிடம் அதைத் தூக்கிக் காட்டச் சொன்னேன். போர் போடும்போது முதலில் வெறும் புகைதான் வரும். நிலத்துக்காரன் முகம் செத்துப்போகும். அப்புறம் ஒரு இடத்தில் புகை அடங்கி, ஈரச் சேறு தெறிக்கும். அந்த நேரத்தில் நான் நிலத்துக்காரனைத்தான் பார்ப்பேன், குழியைப் பார்க்க மாட்டேன். பையில் மஞ்சளாக இறங்கிக்கொண்டிருந்தது. என்னை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பொங்கல் வந்தது. என் வீட்டுக்காரி பழக்கத்தில் கரும்பும் பானையும் வாங்கி வைத்துவிட்டாள். அதை அங்கேயே விட்டுவிட்டு, காரில் ஏறினோம். "ஒரு சீப்புப் பழமாவது" என்று வழியெல்லாம் முனகினாள். வல்லத்திராக்கோட்டையில் இறங்கியபோது என் இரண்டு கையையும் எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பின்னால் கட்டினேன், முன்னால் கட்டினேன். தெருவில் ஒருத்தி இன்னொருத்தியிடம், "என்னடி, போர்வெல்காரரு சும்மா வாராரு?" என்றாள். அந்தக் கமிட்டி ரூமில்கூட எனக்கு உடம்பு இப்படிக் கூசவில்லை.

தங்கை வாசலுக்கு வந்து முதலில் என் கையைத்தான் பார்த்தாள். பார்த்துவிட்டு உள்ளே போய், பெரிய சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். இப்போதெல்லாம் எனக்கு அளவு கிடையாது, நிறையக் குடி என்றுதான் டாக்டர் சொல்கிறார். அண்ணாந்து பாதிச் சொம்பைக் குடித்திருப்பேன்.

"நல்லாக் குடிங்க மச்சான்" என்றார் மாப்பிள்ளை, கட்டிலில் சாய்ந்தபடி. "நீங்க போட்ட போருத் தண்ணிதேன்."

"மெதுவாச் சொல்லுங்க மாப்ளே" என்றேன். "அந்தக் கமிட்டி அம்மா எழுதிறப் போகுது."